ஒத்த கணக்கும் உண்மைக் கணக்கும்

விழாக்காலம் பெருமை பேசுதற்குரிய காலமாகும். கல்லூரி பெற்றெடுத்த அறிஞரையும், அதனைக் கட்டி வளர்த்த அதிபர்களையும், விளையாட்டுக் களத்தில் வென்ற கேடயங்களையும் நினைந்து மகிழ்தல் விழா மலருக்கு அணி செய்வது. அப்பணியைச் செவ்வனே ஆற்ற வல்லார் பலர் இம்மலரில் எழுதுகின்றனர். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ அத்துணை எழிலுடையதன்று. பழைய மாணவர் சங்கங்கள், ஆலய பரிபாலன சபைகள், புலமைப்பரிசில் நிதியங்கள், கிராம அபிவிருத்திச் சங்கங்கள் ஆகியன தம் காசேட்டையும் வங்கி தரும் கூற்றையும் எவ்வாறு ஒத்துப்பார்க்கின்றன என்பதே அப்பொருள். விழாப் பந்தலில் கணக்குப்பிள்ளைக்கு என்ன வேலை என வினவுவாரும் உளராகலாம். பந்தலுக்கு வந்த பணம் எவ்வழி வந்தது, எவ்வழிச் சென்றது என்று அறிந்தவர் அவரே என்பது எம் விடை.

எம் அனுபவம் ஒன்றிலிருந்து தொடங்குவோம். நம் வாவிக்கரை ஊர்களுள் ஒன்றிற் கல்விச் சங்கம் ஒன்றுண்டு. பெயர் வேண்டா. அதன் செயற்குழுவில் யாமும் இருந்தோம். ஆகலின் பின்வரும் பழியில் எமக்கும் பங்குண்டு. கடல்கடந்து வாழும் அன்பர் ஒருவர், படுவான்கரையிலிருந்து வந்து கற்கும் மாணவன் ஒருவனின் செலவுக்கென ஆண்டுதோறும் 30,000 ரூபா தருவதாக வாக்களித்திருந்தார். ஓராண்டு அவர் பணம் வந்ததாக ஏட்டில் இல்லை. இரு மாதம் பொறுத்தோம். பின்னர் நினைவூட்டுக் கடிதம் எழுதினோம். அவர் விடை எழுதவில்லை. மாணவனுக்குரிய கொடுப்பனவு நான்கு மாதம் நின்றுபோயிற்று. அடுத்த ஆண்டு அவ்வன்பர் தம் உதவியையே நிறுத்திக்கொண்டார்.

ஆண்டிறுதியிற் கணக்காய்வாளர் வந்து கேட்டபோதே உண்மை வெளிப்பட்டது. அவர் உரிய காலத்திலேயே பணம் அனுப்பியிருந்தார். நாணயமாற்று விகிதமும் இடைநின்ற வங்கிகளின் கட்டணமும் போக, நம் வங்கியை அடைந்தது 28,600 ரூபா. கூற்றில் அவர் பெயர் இல்லை. நீண்டதோர் இலக்கத் தொடர் மட்டுமே இருந்தது. கணக்கு மென்பொருள் 30,000 ரூபாவைத் தேடியது, காணவில்லை. பணியிலிருந்த இளைஞர் அத்தொகையை 'ஏனைய வருமானம்' என்னுந் தலைப்பிற் சேர்த்தார். உடனே கணினித் திரையில் வேறுபாடு சுழியம் எனக் காட்டிற்று. வங்கியும் ஏடும் சதம் பிசகாது ஒத்தன. அவ்வொப்புதலை நம்பியே, கொடுத்தவரைக் கொடாதவர் எனக் கடிதம் எழுதினோம்.

இங்கு எவரும் பணத்தைக் களவாடவில்லை, கூட்டலிலும் பிழையில்லை. தொகை ஒத்திருந்தது, உண்மை ஒத்திருக்கவில்லை. இவ்விரண்டிற்குமுள்ள வேறுபாட்டை நம் சங்கங்கள் உணரவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வணிகக் கல்வி பயிலாத வாசகர்பொருட்டுச் சிறிது விளக்குதும். சங்கத்தின் பணம் பற்றி இரு ஏடுகள் உள. ஒன்று நாம் எழுதும் காசேடு. மற்றது வங்கி எழுதும் கணக்கு. நம் பணத்தை வைத்திருக்கும் வங்கி நமக்குக் கடன்பட்டிருக்கின்றது. ஆதலின் நம் ஏட்டில் வரவாக நிற்பது வங்கியின் ஏட்டிற் செலவாக நிற்கும். நம் நாட்டார் மொழியிற் கூறின், ஒன்று எழுவான்கரை, மற்றது படுவான்கரை. இரு கரையிலிருந்து நோக்கினும் இடையிலுள்ள வாவி ஒன்றே. எனினும் ஒரு கரையிற் புறப்பட்ட ஓடம் மறுகரை சேரச் சிறிது நேரம் செல்லும். அவ்விடைவேளையில் ஒரு கரையார் 'ஓடம் போயிற்று' என்பர். மறுகரையார் 'இன்னும் வரவில்லை' என்பர். இருவரும் பொய்யர் அல்லர். எந்த ஓடம் எங்கே நிற்கின்றது எனத் தேடி, இரு கரையார் சொல்லையும் ஒன்றுபடுத்துவதே வங்கி இணக்கக் கூற்றின் பணியாகும்.

முற்கூறிய சங்கத்தின் கணக்கை ஒத்த ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மாத முடிவிற் காசேட்டு மீதி 408,450 ரூபா. வங்கிக் கூற்றின் மீதி 486,250 ரூபா எனக் கொள்வோம். வேறுபாடு 77,800 ரூபா. நாம் எழுதிக் கொடுத்தும் இன்னும் வங்கியிற் சமர்ப்பிக்கப்படாத காசோலைகள் 60,000 ரூபா. மாதத்தின் கடைசி நாளில் நாம் வைப்பிலிட்டு இன்னும் தேறாத காசோலை 15,000 ரூபா. வங்கி மீதியிலிருந்து முன்னதைக் கழித்துப் பின்னதைக் கூட்ட 441,250 ரூபா வரும். இனி நம் ஏட்டை நோக்குவோம். நாம் அறியாது நேரே வந்த 28,600 ரூபாவையும், நிலையான வைப்பின் வட்டியாக வந்த 4,500 ரூபாவையும் கூட்டி, வங்கிக் கட்டணம் 300 ரூபாவைக் கழித்தால் அங்கும் 441,250 ரூபாவே வரும். கணக்கு இணங்கிற்று.

இவ்வெடுத்துக்காட்டில் உள்ள ஒவ்வொரு வரியும் ஒரு வினாவை எழுப்புதல் காண்க. காசோலையைப் பெற்றவர் ஏன் இன்னும் மாற்றவில்லை? பொதுவாக ஆறு மாதம் கடந்த காசோலையை வங்கி ஏற்பதில்லை. ஏழை மாணவன் ஒருவன் அதனைப் பெட்டியில் வைத்து மறந்திருப்பானோ? வட்டி 4,500 ரூபா எனில், உண்மையில் விளைந்த வட்டி எவ்வளவு? வட்டியிலிருந்து வங்கி வருமான வரியைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் 2023 ஜனவரியில் 5 சதவீதமாக மீண்டும் தொடங்கி, 2025 ஏப்ரலில் 10 சதவீதமாயிற்று. ஆகவே விளைந்தது 5,000 ரூபா. 500 ரூபா வரியாகச் சென்றது. 4,500 ரூபாவை மட்டும் எழுதுவோர் வருமானத்தையும் குறைத்துக் காட்டுவர். கட்டிய வரியையும் மறந்துபோவர். 28,600 ரூபா எவருடையது என்பதோ எல்லாவற்றினும் பெரிய வினா. இணக்கக் கூற்று விடைகளின் பட்டியலன்று, வினாக்களின் பட்டியல் எனத் தெளிக.

யாம் கல்லூரியிற் கற்ற காலத்தில் இவ்வேலை கையினாலே செய்யப்பட்டது. வங்கிக் கூற்று தபாலில் வரும். தனாதிகாரி மேசையில் இரு ஏடுகளையும் விரித்து, சிவப்புப் பென்சிலால் ஒவ்வொன்றாகச் சரியிட்டுச் செல்வார். வேறுபாடு 9ஆல் வகுபடுமாயின், இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டனவோ எனத் தேடவேண்டும் என்று வணிக ஆசிரியர் கற்பித்தார். 54 என்பதை 45 என எழுதினால் வேறுபாடு 9. 720 என்பதை 270 என எழுதினால் வேறுபாடு 450. இவ்வுபாயங்களெல்லாம் பார்த்தெழுதுவதில் உண்டாகும் பிழைகளைக் கண்டுபிடிக்கப் பிறந்தவை.

இன்று அவ்வகைப் பிழை பெரும்பாலும் ஒழிந்தது. வங்கியின் கூற்றைக் கோப்பாகவே இணையவழிப் பெற்று, கணக்கு மென்பொருளுக்குள் இறக்கிக்கொள்ள இயலும். மென்பொருள் தொகையையும் திகதியையும் நோக்கி, நம் பதிவுகளுள் எது கூற்றின் எவ்வரிக்குப் பொருந்தும் எனக் காட்டுகின்றது. குனூகாஷ் போன்ற இலவச மென்பொருளும் முன்னர் நாம் செய்த தெரிவுகளைக் கொண்டு அடுத்ததை ஊகித்துக் கூற வல்லது. இரண்டு மாலைப்பொழுதின் வேலை அரைமணி நேரத்தில் முடிகின்றது. 1978 நவம்பர் 23ஆம் நாட் சூறாவளியையும் 2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோளையும் கண்ட நம் கரையோரத்தார்க்கு, ஏட்டின் படியொன்று ஊருக்கு வெளியே பத்திரமாக இருத்தலின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆகவே பொறியை வெறுத்துப் பழைய பேரேட்டுக்கே மீள்க எனக் கூறுவாரோடு யாம் உடன்படோம்.

வங்கித் தொழிலும் மாறிவிட்டது. 2006ஆம் ஆண்டு முதல் இலங்கையில் வங்கிகளுக்கிடையே காசோலைத் தாள் பயணஞ் செய்வதில்லை. அதன் படிமமே செல்கின்றது. 2015இல் லங்காகிளியர் நிறுவனம் தொடங்கிய 'செஃப்ட்ஸ்' என்னும் அமைப்பின் வழியே, ஒரு வங்கியிலிருந்து மற்றொரு வங்கிக்குப் பணம் உடனுக்குடன் சேர்கின்றது. லேடி மனிங் பாலம் 1924இல் கல்லடியிற் கட்டப்பட்டதும், மண்முனைத் துறையில் 2014இற் பாலம் திறக்கப்பட்டதும் ஓடத்துக்குக் காத்திருந்த நேரத்தை ஒழித்தமை போன்றதே இதுவும். முன்னாளில் இரு ஏடுகளின் வேறுபாடு பெரும்பாலும் காலத்தால் வந்தது. நாட்கள் சிலவற்றில் தானே தீர்ந்தது. இந்நாள் வேறுபாடோ பெயரால் வருகின்றது. பணம் நொடியில் வந்துவிடுகின்றது; யாருடையது, எதற்குரியது என்னுஞ் செய்தி உடன் வருவதில்லை. காத்திருந்தால் அது தீராது; எவரேனும் கேட்டறிந்தே தீர்க்கவேண்டும்.

கோப்பை இறக்கும்போது நேரும் சிறு தவறுகள் சிலவற்றை முதலிற் கூறுவோம். 03/04 எனக் கோப்பிலிருந்தால் அது ஏப்ரல் 3ஆம் நாளா, மார்ச் 4ஆம் நாளா? நாளை முன்வைக்கும் வழக்கம் நம்முடையது. மாதத்தை முன்வைப்பது அமெரிக்க வழக்கம். மென்பொருளுக்கு இதனை நாம் சொல்லாவிடின் மார்ச்சும் ஏப்ரலும் இடம்மாறும். 12ஆம் நாளுக்குப் பிந்திய வரிகள் மட்டும் ஏற்கப்படாது நிற்கும். சி.எஸ்.வி. எனப்படும் கோப்பிற் காற்புள்ளியே பத்திகளைப் பிரிக்கும் வேலியாகும். மேற்கோட் குறிக்குள் அடைக்கப்படாத 28,600 அங்கு 28 எனவும் 600 எனவும் இரண்டாகப் பிளவுபடும். மார்ச் 31 வரையுள்ள கோப்பை இறக்கியபின், மார்ச் 25இலிருந்து தொடங்கும் கோப்பை மீண்டும் இறக்கினால் ஒரு வாரத்துப் பணம் இருமுறை எழுதப்படலாம். 1997இல் வகுக்கப்பட்ட ஓ.எஃப்.எக்ஸ். என்னுங் கோப்பு முறையில் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் தனி இலக்கம் உண்டு. முன் வந்ததே மீண்டும் வந்தது என்பதை மென்பொருள் அதனால் அறியும். சி.எஸ்.வி. கோப்பில் அத்தகைய இலக்கம் இருந்தே தீருமென்பது இல்லை. வங்கி அதனையே தருமாயின், திகதி எல்லைகளை நாமே காத்தல் வேண்டும். இவையெல்லாம் பழக்கத்தால் நீங்கும் குறைகள். இறுதி மீதி கூற்றோடு ஒவ்வாமையால் தம்மைத் தாமே காட்டிக்கொடுப்பன.

தம்மைக் காட்டிக்கொடாத குறை ஒன்றுண்டு. இற்றைக்குப் பல சங்கங்கள் காசேட்டை எழுதுவதையே விட்டுவிட்டன. மாத முடிவில் வங்கியின் கோப்பை இறக்கி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு தலைப்புக் கொடுத்து, அதனையே தம் காசேடு என்கின்றன. பின்னர் அந்தக் காசேட்டை அதே வங்கியின் கூற்றோடு ஒப்பிட்டு, 'முற்றும் ஒத்தது' என அறிக்கை செய்கின்றன. ஒவ்வாது எங்ஙனம் போகும்? ஒரே சாட்சியை இருமுறை கூண்டில் ஏற்றிவிட்டு, இரு சாட்சியரும் ஒன்றே கூறினர் என்பதற்கும் இதற்கும் வேறுபாடு யாது? இணக்கக் கூற்றின் வலிமை முழுவதும் இரு ஏடுகளும் வெவ்வேறு கையால் எழுதப்பட்டமையிலேயே உள்ளது. ஓர் ஏட்டிலிருந்து மற்றதைப் பார்த்தெழுதிய மாத்திரத்தில் அவ்வலிமை அழிந்துபோகின்றது.

இதனால் விளையும் கேடு கற்பனையன்று. கொடுத்தும் மாற்றப்படாத காசோலை வங்கிக் கூற்றில் இராது. கூற்றிலிருந்தே ஏடு எழுதும் சங்கம் அக்கடனை மறந்து, இல்லாத பணத்தை உள்ளதென எண்ணிச் செலவிடும். விழா நுழைவுச்சீட்டு விற்றுக் கையில் வந்த காசு வங்கிக்கே செல்லாதுவிடின், அது கூற்றிலும் இராது, ஏட்டிலும் இராது, எவரும் தேடார். பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டையிலிருந்து எழுதப்பட்ட காசேடு ஒன்று இருந்திருந்தால் மட்டுமே, 'இத்தொகை வங்கியில் ஏன் இல்லை?' என்ற வினா பிறந்திருக்கும்.

பெருநிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2018 பெப்ரவரியில் இந்தியாவின் பஞ்சாப் நஷனல் வங்கி, தன் மும்பாய்க் கிளையொன்றில் ஏறத்தாழ 11,400 கோடி இந்திய ரூபா அளவிலான மோசடி நடந்ததென அறிவித்தது. அக்கிளையிலிருந்து பிற வங்கிகளுக்கு உறுதிமொழிச் செய்திகள் 'சுவிஃப்ட்' அமைப்பின் வழியே சென்றன. வங்கியின் சொந்தக் கணக்கு அமைப்பில் அவை பதியப்படவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று இணைக்கப்படாதிருந்தமையால், ஆண்டுகள் பல கடந்தும் ஒன்றிலிருப்பது மற்றதில் இல்லை என்பது புலப்படவில்லை. 2020 யூன் மாதத்தில் ஜேர்மனியின் வயர்காட் நிறுவனம் வீழ்ந்தது. பிலிப்பைன்சு நாட்டு வங்கிகள் இரண்டில் இருப்பதாகக் காட்டப்பட்ட 190 கோடி யூரோ அங்கு இல்லை. காட்டப்பட்ட பத்திரங்கள் போலியானவை என அவ்வங்கிகளே கூறின. முன்னது இரு ஏடுகளை ஒப்பிடாமையால் வந்த கேடு. பின்னது, வங்கியின் சொல்லை வங்கியின் வாயாற் கேளாமையால் வந்த கேடு.

இரண்டாவது பாடம் நமக்கும் உரியது. சி.எஸ்.வி. கோப்பு வங்கியின் முத்திரை தாங்கிய பத்திரமன்று. கணினியிற் திறந்து எவரும் மாற்றக்கூடிய வெறும் எழுத்து. தனாதிகாரி தாமே பதிவிறக்கி, தாமே இறக்கி, தாமே ஒத்துப்பார்த்துத் தரும் கணக்கைக் குழுவினர் ஏற்கும்போது, அவர்கள் ஏற்பது வங்கியின் சாட்சியத்தை அன்று, தனாதிகாரியின் நேர்மையையே. நம் தனாதிகாரிமார் நேர்மையாளர் என்பதில் எமக்கு ஐயமில்லை. நேர்மையாளர்மீது ஐயம் விழாதவாறு காத்தலும் ஒரு கடமை என்றே கூறுகின்றோம். கணக்கை மற்றொருவர் பார்த்தல் தனாதிகாரிக்கு இழுக்கன்று. அவருக்கு அதுவே கவசம்.

இவ்வெண்ணம் மேல்நாட்டிலிருந்து வந்ததெனக் கருதற்க. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919ஆம், 921ஆம் ஆண்டுகளுக்குரியன. ஊர் வாரியங்களுக்குக் குடவோலை மூலம் உறுப்பினரைத் தெரிதற்குரிய விதிகளை அவை கூறுகின்றன. முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது விட்டவர் பெயர் குடத்தில் இடப்படலாகாது. அவர்தம் நெருங்கிய உறவினர் பெயரும் இடப்படலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் நம்மவர் கணக்கை அத்துணை உயர்வாகப் போற்றினர்.

நம் மட்டக்களப்பு நாட்டிற்கே உரிய சான்றொன்றும் உண்டு. இங்குள்ள ஆலயங்களிற் பரிபாலனத் தலைமை பூண்டோரை வண்ணக்கர் என வழங்குகின்றோம். பழந்தமிழில் வண்ணக்கன் என்பான் நாணயத்தைச் சோதித்து, நல்லது இது, கள்ளக்காசு இது எனத் தெரிவிப்பவன். சங்கப் புலவர் சிலரின் பெயரோடும் இச்சொல் சேர்ந்து நிற்கின்றது. பொதுப்பணத்தைக் காப்பவனுக்கு நாம் வழங்கும் பெயரே, பணத்தை நிறுத்துப் பார்ப்பவன் என்ற பொருளுடையதாயிருத்தல் சிந்தித்தற்குரியது. இன்று வண்ணக்கர் கையில் வருவது காசன்று. வங்கிக் கூற்றின் ஒரு வரி. அதனையும் சோதித்தல் அவர் கடனே.

இனித் தடை கூறுவார் சிலர்க்கு விடை பகர்வோம். 'ஊதியமின்றி உழைக்கும் சங்கத்திற்கு இத்துணைக் கட்டுப்பாடு ஏன்?' என்பர் சிலர். ஊதியமின்றி உழைப்போரிடமிருப்பது பிறர் பணம் என்பதே அதற்கு விடை. 'சிறு தொகைக்காக நேரத்தை வீணாக்குவதோ?' என்பர் வேறு சிலர். எம் சங்கத்தில் வேறுபட்ட தொகை 1,400 ரூபா மட்டுமே. இழந்ததோ ஓர் அன்பரின் மனத்தையும் ஒரு மாணவனின் நான்கு மாதத்தையும். 'இரண்டாமவர் ஒருவர் எமக்குக் கிடையாரே' என்பது மூன்றாந் தடை. இதற்கு இக்காலமே வழி காட்டுகின்றது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் நம் பழைய மாணவர் பலர் கணக்காளராக இருக்கின்றனர். பணத்தைத் தொட இயலாது, கூற்றைப் பார்க்க மட்டும் இயலுமாறு வங்கி ஒழுங்கு செய்து தருமாயின், அவருள் ஒருவர் மாதத்திற்கு அரைமணி நேரம் ஒதுக்கினாற் போதும். பணம் அனுப்புவது மட்டுமே தொலைவிலிருப்போர் செய்யக்கூடிய தொண்டு என எண்ணுதல் வேண்டா.

ஆகவே நம் சங்கமும், இம்மலரைப் படிக்கும் பிற சங்கத்தாரும் மேற்கொள்ளத்தக்கனவாக ஆறு ஒழுங்குகளை முன்வைக்கின்றோம்.

முதலாவது, முன்னர் எழுதுக, பின்னர் இறக்குக. பற்றுச்சீட்டிலிருந்தும் உறுதிச்சீட்டிலிருந்தும் காசேடு அன்றன்றே எழுதப்படல் வேண்டும். வங்கியின் கோப்பு அதனைச் சோதிக்க வருவதேயன்றி அதற்கு மாற்றாக வருவதன்று.

இரண்டாவது, காசோலையில் ஒப்பமிடுவோர் கணக்கை இணக்குவோராக இருத்தலாகாது. இணக்குவோர் கூற்றை வங்கியிடமிருந்து நேரே பெறுக. திருத்தவியலாத மூலப்படியை மாதவாரியாகப் பேணுக.

மூன்றாவது, இன்னார் பணம் எனத் துணியப்படாத தொகையை ஏனைய வருமானத்திற் சேர்க்கலாகாது. பாடநூல்கள் தொங்கற் கணக்கு எனக் கூறும் தற்காலிகக் கணக்கில் அதனை வைத்து, செயற்குழுவின் ஒவ்வொரு கூட்டத்திலும் வரிவரியாக வாசிக்க வேண்டும். மூன்று மாதத்திற்கு மேல் ஒரு தொகை அங்கே தொங்குமாயின் காரணம் கூட்டக் குறிப்பில் எழுதப்படுக.

நான்காவது, வேறுபாட்டை மறைக்கச் சரிக்கட்டுப் பதிவு இடுதலைத் தடைசெய்க. அத்தகைய பதிவைத் தானே இட்டுத்தரும் மென்பொருளும் உண்டு. காரணந் தெரியாத ஐந்து ரூபா வேறுபாடு, ஒன்றையொன்று மறைக்கும் இரு பெரும் பிழைகளின் எச்சமாகவும் இருக்கக்கூடும்.

ஐந்தாவது, கொடுப்போர் ஒவ்வொருவர்க்கும் ஒரு குறியீட்டு இலக்கம் வழங்குக. பணம் அனுப்பும்போது அதனை எழுதுமாறு வேண்டுக. பணம் சேர்ந்த தொகையைக் குறித்து ஏழு நாளுள் பற்றுச்சீட்டு அனுப்புக. 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. அனுப்பிய தொகையும் சேர்ந்த தொகையும் எத்துணை வேறுபடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. தொகையைக் கொண்டு ஆளை அறியும் முறை இனி நம்பத்தக்கதன்று.

ஆறாவது, ஆண்டறிக்கையில் வரவு செலவுக் கணக்கோடு வங்கி இணக்கக் கூற்றையும் அச்சிடுக. அதனை வாசிக்கத் தெரியாத உறுப்பினர் பலர் இருப்பர். வாசிக்கத் தெரிந்த ஒருவர் சபையில் அமர்ந்திருத்தலே போதிய காவலாகும்.

கல்லூரியில் வணிகத்துறை மாணவரும் உளர், ஆசிரியரும் உளர். கொடுப்போரின் பெயர்களை நீக்கிவிட்டு, முடிந்துபோன ஒரு மாதத்தின் உண்மைக் கணக்கை வகுப்பறையில் இணக்கிப் பார்க்கச் செய்தல் இயலாத காரியமன்று. பாடநூலின் கேள்வியில் வேறுபாட்டின் காரணங்கள் யாவும் மேலே தரப்பட்டிருக்கும். உண்மை ஏட்டிற் காரணம் தரப்பட்டிராது. தொலைபேசியை எடுத்துக் கேட்டறிய வேண்டும். கணக்கியல் என்பது எண்களோடு மட்டும் பழகும் கலையன்று என்பதை அவ்வொரு பயிற்சி ஓராண்டுப் பாடத்தினும் நன்கு உணர்த்தும்.

எம் சங்கத்து நிகழ்ச்சியின் முடிவையும் கூறி அமைவோம். உண்மை தெரிந்தபின் குழுவினர் ஐவரும் ஒப்பமிட்டு அவ்வன்பருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினோம். இரு வாரங் கழித்து அவரிடமிருந்து விடை வந்தது. தாம் சினந்தது பணத்துக்காக அன்று எனவும், மாணவன் படிப்பு நின்றதோ என அறிய விரும்புவதாகவும் எழுதியிருந்தார். படிப்பு நிற்கவில்லை, அவன் தாயார் தம் காப்பை அடகு வைத்து அந்நான்கு மாதங்களையும் கடத்தியிருந்தார். நிலுவைத் தொகையை அவரிடம் ஒப்படைத்தோம். அடகுக்குக் கட்டிய வட்டியைச் சங்கம் எந்தத் தலைப்பில் எழுதுவது எனத் தனாதிகாரி வினவினார். அதனைச் சங்கத்தின் ஏட்டில் எழுதற்க எனக் கூறி, குழுவினர் ஐவரும் தம் கையிலிருந்தே பகிர்ந்து கொடுத்தோம்.

விழாக் காணும் நம் கல்லூரிக்குக் கட்டடங்கள் வளர்க. மாணவர் தொகை பெருகுக. அவற்றுக்கென வந்து சேரும் ஒவ்வொரு ரூபாவுக்கும் அனுப்பியவர் பெயரும் அடைந்தவர் பெயரும் நம் ஏட்டில் விளங்க நிற்க எல்லாம் வல்ல இறைவன் அருள் பாலிப்பானாக.